இருட்டு டாக்டர் எழுதிய நார்மல்

ஆஸ்பத்திரியில் அவருக்கு இருட்டு டாக்டர் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. பொருந்திப் போய்விட்டதால் மாற்றவும் யாரும் மெனக்கெடவில்லை. கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை அவருடையது. விளக்கைப் போட்டால் திரையில் நிறம் சரியாகத் தெரியாது என்பதால் பட்டப்பகலிலும் இருட்டு. இரண்டு பெரிய திரைகள், ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்கார்ந்திருப்பார். இன்னொன்றில் அவருடைய ஸ்வெட்டர் உட்கார்ந்திருக்கும்.

அந்த இரண்டாவது நாற்காலிக்கு ஒரு காலத்தில் ஆள் இருந்தது. எடுத்ததற்கெல்லாம் மல்லுக்கு நிற்கும் இன்னொரு டாக்டர். ஒரே படத்தை வைத்துக்கொண்டு இருவரும் அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போடுவார்கள். அவர் வேறு ஊருக்குப் போன பிறகு, டைப் அடிக்கும் அம்மாள் ஒருத்தி அந்த நாற்காலிக்கு வந்தாள். இவர் சொல்லச் சொல்ல அடிப்பாள். நடுவில் கையை நிறுத்திவிட்டு, "டாக்டர், போன வரியில இல்லைன்னீங்க, இந்த வரியில இருக்குங்கறீங்க. எதை அடிக்க?" என்று கேட்பாள். அப்போதெல்லாம் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவளும் ஓய்வு பெற்றுப் போனாள். அவளுக்குப் பதிலாக ஒரு மைக்கைக் கொடுத்தார்கள். சொன்னதைச் சொன்னபடி அச்சாக்கிவிடும். எதிர்க்கேள்வி கிடையாது. இருமினால் ஏதாவது ஒரு வார்த்தையைப் போட்டு வைக்கும். பெருமூச்சு விட்டால் முற்றுப்புள்ளி. சில நாள் ரிப்போர்ட்டில் வேண்டாத இடமெல்லாம் முற்றுப்புள்ளியாகக் கிடக்கும். அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிப்பார்.

இதயத் தசைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று படம் பார்த்துச் சொல்வது அவர் தொழில். கையில் ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். கதிர் வீசும் மருந்து. ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். ரத்தம் நிறையப் போகும் தசை படத்தில் பளிச்சென்று எரியும், குறைவாகப் போவது மங்கிக் கிடக்கும். ஆளை ஓடவிட்டோ, ஓட முடியாதவருக்கு வேறொரு மருந்து கொடுத்து ரத்த ஓட்டத்தை முடுக்கிவிட்டோ ஒரு படம். சும்மா படுத்திருக்கும்போது ஒரு படம். திரையில் மேல் வரிசையில் பாடுபட்ட இதயம், கீழ் வரிசையில் ஓய்ந்த இதயம், துண்டு துண்டாக, வளையல்களை அடுக்கி வைத்த மாதிரி. மேலே ஒரு வளையலில் ஓரிடம் மங்கி, கீழே அதே இடம் பளிச்சென்று இருந்தால் அந்தப் பக்கத்துக் குழாயில் அடைப்பு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுக்குள்தான் அவர் தலைமுடி நரைத்தது.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. படத்தை முதலில் பார்ப்பார், ஆளைப் பற்றிய விவரத்தைப் பிறகுதான் பார்ப்பார். வயது, தொழில், வலி, குடும்பம் எதுவும் முதலில் கண்ணில் படக் கூடாது. பட்டால் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. அதில் நியாயமும் இருந்தது. என்ன, வர வர அந்தப் 'பிறகு' என்பது சுருங்கிக்கொண்டே போனது. படம் சுத்தமாக இருந்தால் விவரத்தை மேலோட்டமாக ஒரு பார்வை, அத்தோடு சரி. ஆள் முகத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "படம் பொய் சொல்லாது, ஆள்தான் சொல்லுவான்" என்று பெருமையடித்துக்கொள்வார். கேட்டுக்கொள்ள அந்த அறையில் ஸ்வெட்டர்தான் இருந்தது.

வீட்டுக் கதையும் அதற்குச் சளைத்ததல்ல. மகள் கடல் தாண்டி இருந்தாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு ஒத்தாசையாக மனைவி போனாள். திரும்பி வருவதற்குள் இரண்டாவது. பிறகு மகளுக்கு வேலை கிடைத்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இப்படியே நாள் ஓடிவிட்டது. இவர் இங்கே மாடிப் படுக்கையறையைப் பூட்டிவிட்டு, டிவி இருக்கும் கூடத்து சோபாவில் படுக்க ஆரம்பித்தார். சமையலை ஒரு வேளையாக்கினார். சாப்பாட்டு மேஜையில் ஒரு மூலை போதும் என்றானது. சாயங்காலம் நடக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நண்பரிடம் முழங்காலைச் சாக்குச் சொன்னார், அவரும் கூப்பிடுவதை விட்டார். எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. அதனால் எதுவும் குறைந்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை.

தினமும் வீட்டுக்கு வந்ததும் மனைவியின் போன் வரும். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"இனிமேதான். உடம்பு எப்படி இருக்கு?"

"நார்மல். உனக்கு?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்."

அதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். திரையில் விட்டமும் தரையும் சுற்றும். மனைவியின் புடவைத் தலைப்பு ஒரு ஓரமாக வந்து போகும். பேச்சு முடிந்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் கீழ்த்தளத்தில் மின்சாரம் போனது. ஒயரில் ஏதோ கோளாறு, சரிசெய்யக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். இருட்டறைக்கு இருட்டு புதிதில்லை, ஆனால் திரையும் அணைந்துவிட்டதால் அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. வேறு வழியில்லாமல் மாடியேறி, நோயாளிகள் உட்காரும் கூடத்துக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு அவர் போடுவதே இல்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று. மூலையில் ஒரு பெஞ்ச் காலியாகக் கிடந்தது. காலி என்றால் முழுக் காலி அல்ல, ஒரு முனையில் ஒல்லியான ஒருவர் மடியில் பழுப்பு உறையோடு உட்கார்ந்திருந்தார். இருட்டு டாக்டர் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தள்ளியே உட்காருங்க சார்," என்றார் அவர். "எனக்கு ஊசி போட்டிருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் யார் பக்கத்துலயும் ரொம்ப நேரம் இருக்கக் கூடாதாம். குழந்தைங்க கிட்டப் போகாதீங்கன்னு ஊசி போட்ட நர்ஸம்மா அழுத்திச் சொன்னாங்க. என் வீட்ல சுவர்தாம்மா இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்லன்னேன்."

இருட்டு டாக்டர் சிரித்தார். சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொண்டு வந்தது. பழக்கமில்லாததுதான் காரணம்.

"உங்களுக்கும் இதயமா?" என்று கேட்டார் ஒல்லி மனிதர்.

"ஆமா, இதயம்தான்," என்றார் டாக்டர். பொய்யில்லையே.

"துணைக்கு யார் வந்திருக்காங்க?"

"யாரும் இல்லை."

"நம்ம கட்சி," என்று அவர் உறையைத் தட்டிக்கொண்டார். ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவராம். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பினால்தான் நகரும் பழங்காலத்து லிஃப்ட். உள்ளே அவருக்கென்று ஒரு ஸ்டூல். "நாள் பூரா மேலயும் கீழயும் போறேன் சார், ஒரு படி ஏறினதில்லை," என்றார். கட்டடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் உடம்பைப் பரிசோதித்ததில் இவருக்கு ஈசிஜி பட்டையில் ஏதோ சந்தேகம். இதய டாக்டர் இங்கே அனுப்பினார். முட்டி சரியில்லாததால் ஓடவிடாமல் மருந்து கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு. நார்மலாம்," என்றார் லிஃப்ட்காரர். "அப்போ அந்த டாக்டர்கிட்ட இனிமே போக வேண்டியதில்லைல்ல?"

"வலி ஏதாவது இருந்துதா?"

"வலியெல்லாம் கிடையாது."

"மூச்சு வாங்குமா?"

"வாங்குற வரைக்கும் விடமாட்டேனே! அதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடுவேன்." ரொம்பச் சாமர்த்தியமான காரியத்தைச் சொல்கிறவர் போல அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாத்துக்கும் ஒரு ஏற்பாடு வெச்சிருக்கேன் சார். இங்கேர்ந்து பஸ் ஸ்டாப் போகணுமா? கேட் பக்கத்துல சிமெண்ட் பெஞ்ச் ஒண்ணு. அடுத்தது மருந்துக்கடைப் படி. அப்புறம் பேங்க் சுவர், சாய்ஞ்சுக்க வாகா இருக்கும். அதைத் தாண்டினா பஸ் ஸ்டாப். வீட்லயும் அப்படித்தான். பின்கட்டுல படுத்துட்டிருந்தேன், கட்டிலை வாசலோரம் இழுத்துப் போட்டுட்டேன். மார்க்கெட் போறதில்லை. தெருவுல வர்றதை வாங்கிக்கறது. தனி ஆள்தானே, எது போதும்னு வெச்சாலும் போதும்."

இருட்டு டாக்டருக்குத் தன் கூடத்து சோபா ஞாபகம் வந்தது. சங்கடமாக இருந்தது. பேச்சை மாற்றுகிற மாதிரி, "சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

"அக்கா இருக்கா. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏதேதோ சாக்குச் சொல்லி அந்தப் பக்கமே போறதில்லை. இன்னிக்குப் போறேன் சார். அதான் நார்மல்னு எழுதிக் கொடுத்துட்டாங்களே, நிக்காம ஒரே மூச்சுல ஏறிடலாம்."

மின்சாரம் வந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். டாக்டர் எழுந்தார். "பார்த்துப் போங்க" என்றார். லிஃப்ட்காரர் பழக்க தோஷத்தில், "எந்த மாடி சார்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

திரை உயிர் பெற்றது. அடுத்த படம் வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. பேங்க் சுவர் மனதைவிட்டு நகர மாட்டேன் என்றது. மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிற மனிதனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று எவன் கண்டுபிடிப்பான்? அந்த மனிதரே கண்டுபிடிக்க முடியாதே. வாழ்நாளில் முதல் தடவையாக ஆளை வைத்துக்கொண்டு படத்தைத் தேடினார். முட்டி வலி, மருந்து கொடுத்து எடுத்தது, தொழில் லிஃப்ட். காலையில் பார்த்து முடித்த படங்களில் கிடைத்தது.

மேல் வரிசை பளிச். கீழ் வரிசை பளிச். ஒரு வளையலிலும் ஒரு மங்கல் இல்லை. நார்மல் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் இந்தத் திரைக்கு, உண்மையில் எவ்வளவு ரத்தம் போகிறது என்பது தெரியாது. இருப்பதில் எந்த இடம் அதிகமாக எரிகிறதோ அதை முழுப் பிரகாசம் என்று வைத்துக்கொண்டு, மற்றதை அதோடு ஒப்பிட்டு நிறம் பூசும். ஒரு குழாய் மட்டும் அடைத்தால் பக்கத்து இடம் காட்டிக்கொடுத்துவிடும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாயும் கூடிப் பேசிக்கொண்ட மாதிரி ஒரே அளவில் சுருங்கினால் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. எல்லா இடமும் ஒன்றுபோல் பட்டினி கிடக்கும், படம் மட்டும் பளபளவென்று இருக்கும். இது அவருக்குத் தெரியாததா? மாணவர்களுக்குத் தொண்டை வற்றப் பாடம் எடுத்தவர். அவரே கோட்டை விட்டிருந்தார்.

படத்தில் இதயத்துக்கு உள்ளே இருக்கும் ரத்த அறையைப் பார்த்தார். மேல் வரிசையில் அது கீழ் வரிசையில் இருப்பதைவிடப் பெரிதாக வாய் பிளந்திருந்தது. முடுக்கிவிட்டதும் இதயம் தாக்குப்பிடிக்காமல் தொய்ந்துபோனதற்கு அடையாளம். இதைக் காலையில் பார்க்கவில்லையா? பார்த்திருக்கிறார். ரிப்போர்ட்டைத் திறந்தால் அவர் வாயால் சொன்னது அப்படியே இருந்தது: 'உள்ளறை சற்றே பெரிதாகத் தெரிகிறது. முக்கியத்துவம் இல்லை.' மைக் அதை அடித்துவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருந்திருக்கிறது. டைப் அடித்த அந்த அம்மாள் இருந்திருந்தால் கையை நிறுத்தியிருப்பாள். "முக்கியமில்லைன்னா அப்புறம் எதுக்கு டாக்டர் எழுதறீங்க?" என்று கேட்டிருப்பாள். அவர் எரிந்து விழுந்திருப்பார். எரிந்து விழுந்துவிட்டு இன்னொரு தடவை பார்த்திருப்பார்.

காலையில் அந்த அறையில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. மூன்றாவது மாடி, நிற்காமல் ஒரே மூச்சில்.

கூடத்துக்கு ஓடினார். பெஞ்ச் காலி. கவுன்டரில் அந்த ஆளின் போன் நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். அணைத்து வைத்திருந்தார். யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அணைத்திருப்பார். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் ஒரு கோடு. அக்காவின் வீடு எந்தத் தெருவில் என்பதை டாக்டர் கேட்கவே இல்லை. வெயிலில் இறங்கினார். கண் கூசியது. கேட் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் ஒரு குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மருந்துக்கடைப் படியில் ஒரு நாய் படுத்திருந்தது. பேங்க் சுவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திகைத்தார். தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறார், சுவரைப் பார்த்ததில்லை. கடைக்காரர் கை காட்டினார்.

லிஃப்ட்காரர் அங்கேதான் இருந்தார். உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகைச் சுவரில் கொடுத்து, தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், உங்களுக்கும் ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"அந்த பஸ்ல ஏறாதீங்க," என்றார் டாக்டர். மூச்சு வாங்கியது. "நான் பேஷண்ட் இல்லை. உங்க ரிப்போர்ட்டை எழுதினவனே நான்தான். தப்பா எழுதிட்டேன்."

பஸ் வந்து நின்றது, கிளம்பிப் போனது. லிஃப்ட்காரர் அதைப் பார்க்கவில்லை.

"அப்போ நார்மல் இல்லையா?"

"இல்லை. மூணு குழாயும் அடைச்சிருக்கும்னு நினைக்கறேன். ஒரே மாதிரி அடைச்சதால படத்துல தெரியலை. நான்தான் பார்த்திருக்கணும்."

திட்டுவார் என்று டாக்டர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். லிஃப்ட்காரர் உறையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"உண்மையைச் சொல்லட்டுமா சார்? நார்மல்னு கையில கொடுத்தப்ப எனக்கு சந்தோஷமே வரலை. அப்போ இவ்வளவு களைப்பு எங்கேர்ந்து வருது? ஒத்தையா கிடந்து கிடந்து நான்தான் சோம்பேறியாயிட்டேன் போலன்னு நினைச்சேன். மாடியேறிப் பார்த்தா தெரிஞ்சுடும்னுதான் கிளம்பினேன்." குரல் கொஞ்சம் உடைந்தது. "வியாதின்னு இப்பத்தான் ஒருத்தர் சொல்றீங்க."

சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிட்டு, இதய டாக்டருக்கும் போன் போட்டுத் தன் தவறைச் சொல்லிவிட்டு, டாக்டர் அவர் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தார்.

"தள்ளி இருக்கணும்னாங்களே சார்," என்றார் லிஃப்ட்காரர்.

"இருக்கட்டும்," என்றார் டாக்டர்.

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். மறுநாள் குழாய்க்குள் மருந்து செலுத்திப் பார்த்ததில் மூன்றும் அடைத்திருந்தது, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல். அறுவை சிகிச்சை என்று முடிவானது. அக்காவின் நம்பரை லிஃப்ட்காரரிடம் கேட்டு வாங்கி டாக்டரே பேசினார். அக்கா ஒற்றைச் செருப்பு அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் வந்து சேர்ந்தாள். கட்டிலருகே நின்று தம்பியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"என்மேல ஏதோ கோவம், அதான் வரமாட்டேங்கறேன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன்டா," என்றாள். "மாடியேற முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இறங்கி வந்திருக்க மாட்டேனா?"

லிஃப்ட்காரர் சின்னப் பையன் மாதிரி போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். வாசலில் நின்ற இருட்டு டாக்டர் அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் திரும்பி நடந்தார். அவருக்கு அழுகை வந்தது. லிஃப்ட்காரருக்காக மட்டும் வந்த அழுகையில்லை அது என்று அவருக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். டிவியைப் போடவில்லை. பூட்டிய மாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சாப்டீங்களா?"

"இல்லை."

"ஏன், வேலை ஜாஸ்தியா? உடம்பு எப்படி இருக்கு?"

நார்மல் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்.

"நான் நல்லா இல்லை," என்றார். "உடம்புக்கு ஒண்ணுமில்லை. நல்லா இல்லை, அவ்வளவுதான். ரொம்ப நாளாவே இல்லை. உன்கிட்ட சொல்லத் தெரியலை."

அந்தப் பக்கம் பேரன் போனைக் கேட்டு அழுதான். "சும்மா இருடா, தாத்தாகிட்ட பேசிட்டிருக்கேன்" என்று அவள் ஓர் அதட்டல் போட்டாள். அவள் அப்படி அதட்டி அவர் கேட்டதில்லை. ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரையில் விட்டமும் தரையும் சுற்றி நின்று, அவள் முகம் முழுதாக வந்தது.

"நானும் நல்லா இல்லைங்க," என்றாள் அவள்.